பாட்டியும் பாட்டியோவும்

ஆரணியில், நெசவாளர் தெரு ஒன்றில், என் பழைய நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுத் திண்ணையில் பேசிக் கழித்த மாலைகள் எத்தனையோ. சென்ற மாதம் போனபோது திண்ணையைக் காணோம்! இடித்துவிட்டு, முன்வாசல் முழுவதும் நெருப்பில் கருக்கிய மரப்பலகைகளைப் பாவியிருந்தார்கள்.

"இதற்குப் பாட்டியோ என்று பெயர், மாமா. ஜப்பான் முறை. எண்பது வருஷம் உழைக்கும், மழை, கரையான் ஒன்றும் அண்டாது" என்றான் நண்பரின் மகன். சென்னையில் உத்தியோகம் பார்க்கிற பிள்ளை. பாட்டி உட்கார்ந்த திண்ணையை இடித்துவிட்டுப் பாட்டியோவாம்!

ஜப்பானியரை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இப்படிச் செய்யவில்லை என்பதுதான் விஷயமே. 'யாக்கிசுகி' என்பது அந்த முறைக்குப் பெயர். சுகி மரப்பலகைகள் மூன்றை முக்கோணக் குழாய் போலச் சேர்த்துக் கட்டி, உள்ளே தீ மூட்டுவார்கள். சில நிமிஷங்களில் உட்புறம் கருகிவிடும். தண்ணீர் ஊற்றி அணைத்து, கருகிய முகம் வெளியே தெரியும்படி சுவரில் அறைவார்கள். சுவரில், ஐயா, சுவரில்! நவோஷிமாத் தீவின் பழைய வீடுகளிலும் சரி, கட்டிடக் கலைஞர் டெருனோபு புஜிமோரி 2007-இல் நாகானோவில் கட்டிய வீட்டிலும் சரி, கரியைச் சுவரில்தான் காணலாம். சுவரை யாரும் மிதிப்பதில்லை.

தரையில் போட்டால் கரி மிதிக்க மிதிக்க உதிரும். 'தேய்த்துவிட்டு எண்ணெய் பூசலாமே' என்பார்கள். பூசலாம். காவலாக இருந்த கரியையே தேய்த்து எடுத்துவிட்ட பிறகு காவல் ஏது? மேலும், பலகையின் ஒரு முகம்தான் கருகியிருக்கிறது. அடிப்பக்கமும் வெட்டுமுனையும் வெறும் மரம். கரையான் மேல்பக்கமாகத்தான் வரவேண்டும் என்று சட்டமா? சித்திரை வெயிலில் அந்தக் கறுப்புத் தரையில் வெறுங்காலை வைத்துப் பார்த்தால் மிச்சமும் விளங்கும்.

மரத்தைக் கருக்குவது நமக்குத் தெரியாத வித்தையா? வேலி போடும் குடியானவன், கம்பத்தின் அடியை நெருப்பில் காட்டிக் கருக்கித்தான் நடுகிறான். மண்ணுக்குள் போகிற பாகத்தை மட்டும்! கரிக்கு எது இடம் என்று அவனுக்குத் தெரியும்.

பழைய திண்ணைக்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. இன்னார் உட்காரலாம், இன்னார் கூடாது என்று சாதி பார்த்த திண்ணைகளும் உண்டு. அவை இடிந்தால் நல்லதுதான். புதுமையும் வரட்டும். ஆனால் அன்று மாலை நான் கண்ட காட்சிதான் என்னை எழுத வைத்தது.

நண்பரின் மனைவி தறிக்குழியில் இறங்குமுன் ஈரத்துணியால் பாதங்களை மூன்று முறை துடைத்தார். மூன்று முறையும் துணி கறுத்தது. பிறகு கையைக் கழுவினார். ஒருமுறை போதாமல் மறுமுறையும் கழுவினார். தறியில் இருந்தது சந்தன நிறப் பாவு. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு! காலில் பட்ட கரி கைக்கு வர எவ்வளவு நேரமாகும்? கைக்கு வந்தது இழைக்கு வர எவ்வளவு நேரம்? கறை பட்ட சேலைக்கு முழுக் கூலி கேட்க எந்த நெசவாளிக்கு வாய் இருக்கிறது?

கறுப்புத்தான் அழகென்றால் சுவரில் அடித்துக்கொள்ளட்டும். வாசலுக்குக் கருங்கல் போட்டு, மேலே ஒரு தாழ்வாரம் இறக்கட்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் தீர்ந்தது.

நண்பர் மகனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிலைப்படியருகே பழைய சாக்கு ஒன்றை விரித்து வைத்திருந்தார், கால் துடைக்க. ஜப்பான் தரைக்கு ஆரணிச் சாக்கு! பையன் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவன். அந்த வாசலைத் தினமும் மிதித்து, உள்ளே போய்ப் பட்டைத் தொடுகிறவளை அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.