புத்ராஜெயாவைக் கேட்கத் தேவையில்லாத ஒன்று

மாண்புமிகு ஜொகூர் மந்திரி பெசார் டத்தோ ஓன் ஹபிஸ் காஸி அவர்களுக்கு,

வரி வருவாயில் ஜொகூருக்கு நியாயமான பங்கு வேண்டும் என்ற குரல் எழும்போதெல்லாம் இந்த மாநிலத்துத் தமிழர்களாகிய நாங்களும் அதற்கு ஆமாம் போடுகிறோம். கணக்கு அப்படி. வருமான வரி, நிறுவன வரி, சுங்க வரி எல்லாம் கூட்டரசுக்குப் போகின்றன. மாநிலத்துக்கு மிஞ்சுவது நிலவரி, காடு, கனிமம் போன்றவைதான். அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை தலைக்கு இவ்வளவு என்று ஒரு மானியத்தை வகுத்திருக்கிறது. முதல் 1 லட்சம் பேருக்கு ஆளுக்கு 72 ரிங்கிட். அதற்கு மேற்பட்டவர்களுக்கு 10, 11 ரிங்கிட்தான். 40 லட்சம் பேர் வாழும் ஜொகூரில் இதைக் கூட்டி வகுத்தால் ஆண்டுக்கு ஒருவருக்குச் சுமார் 13 ரிங்கிட் வரும். ஒரு வேளை வாழையிலைச் சாப்பாட்டோடு அது தீர்ந்துவிடும்.

சபாவின் கதை வேறு. 112சி, 112டி என்று கையில் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு அரசியலமைப்புப் பிரிவுகள் இருந்தன. 1974 முதல் 2021 வரை அவர்களுக்குரிய 40 விழுக்காட்டு மானியத்தைக் கவனிக்காமல் விட்டது தவறு என்று கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம் 2025 அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்தது. ஜொகூருக்கு அப்படியொரு பிரிவு கிடையாது. நமக்கு வாய்ப்பேச்சுதான்.

பணம் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதிகாரமும் அங்கேதான் இருக்கிறது. 2016 அக்டோபர் 25 அன்று சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து ஆறு நோயாளிகள் மாண்டார்கள். ஜொகூர் பாருவில் நிற்கும் அந்த மருத்துவமனையில் எதைக் கூட்டுவது, எதை மாற்றுவது என்பதை புத்ராஜெயாவிலுள்ள கூட்டரசுதான் முடிவு செய்கிறது. சுகாதாரம் கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. இந்த ஏற்பாட்டை நீங்கள் எதிர்த்துப் பேசினால் நாங்கள் உங்கள் பக்கம்.

ஆனால் டத்தோ, அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலும் இருக்கிறது. அதில் நிலம் இருக்கிறது. நாடாளுமன்றம் தேசிய நிலச் சட்டத்தை இயற்றியிருந்தாலும், எந்த நிலத்தை யாருக்கு, எதற்காகக் கொடுப்பது என்று தீர்மானிப்பது மாநில அரசு. இந்த மடல் அதைப் பற்றியது.

ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல இன்றும் 'லாடாங்' (தோட்டம்) என்ற பெயரோடு நிற்கின்றன. ஸ்கூடாய்ப் பக்கம் ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளியைப் பாருங்கள்: பெயரில் தோட்டம், சுற்றிலும் முத்தியாரா ரினி வீடமைப்பு. கல்வி கூட்டரசுடையது, நிலம் மாநிலத்துடையது. இரண்டு பட்டியல்களுக்கும் நடுவிலுள்ள கோடு தமிழ்ப்பள்ளியின் வேலி வழியாகத்தான் போகிறது. பள்ளிக்கு நான்கு வகுப்பறை வேண்டும் என்று எழுதினால், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் கேட்பார்கள். தோட்ட நிறுவனத்தின் பெயரில் என்றால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. அரசாங்க நிலத்தில் உள்ள பள்ளிக்குக் கிடைப்பதெல்லாம் அதற்குக் கிடைக்காது. நில அலுவலகத்துக்குப் போனால், அது தனியார் நிலம், உரிமையாளரைப் பாருங்கள் என்பார்கள். நிலமோ அதற்குள் இரண்டு கை மாறியிருக்கும். கோப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துத் தலைவர்தான் மாறுவார்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே ஓர் இடம் இருக்கிறது. தோட்டத்தை வீடமைப்பாக மாற்ற விரும்பும் நிறுவனம் நிலப் பயன்பாட்டை மாற்றித் தரும்படி மாநில அரசிடம் வந்துதான் ஆக வேண்டும். அங்கீகாரம் தருவது உங்கள் ஆட்சிக்குழு. சாலைக்கும் வடிகாலுக்கும் நிலம் ஒதுக்கச் சொல்லும் அதே நேரத்தில், ஏற்கெனவே அங்கு நிற்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் உரிய நிலத்தைத் தனியாக அளந்து மாநிலத்திடம் ஒப்படைக்கச் சொல்லலாம். ஒப்படைத்த நிலத்தை நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி பள்ளிக்கென்று அரசிதழில் ஒதுக்கிவிடலாம். இதற்கு புத்ராஜெயாவின் கையெழுத்து தேவையில்லை. மேம்பாட்டு நிறுவனங்கள் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும், அங்கீகாரம் வேண்டும் என்று வந்தவர்கள் அவர்கள்தானே.

ஜொகூருக்கு இது புதிய வழக்கமும் இல்லை. இன்று கண்ணாடிக் கோயில் என்று வெளிநாட்டவரும் வந்து பார்க்கும் அருள்மிகு ராஜகாளியம்மன் ஆலயத்துக்கு அன்றைய சுல்தான் நிலம் கொடுத்தார். அந்தக் கோயில் 1922இல் எழுந்தது.

உங்கள் கொள்ளுத்தாத்தா டத்தோ ஓன் ஜாபார் இதே மந்திரி பெசார் நாற்காலியில் இருந்தவர். மாநிலங்களின் அதிகாரத்தைச் சுருட்டிக்கொண்ட மலாயன் யூனியனை 1946இல் எதிர்த்து நின்றார். 1948இல் கூட்டரசு பிறந்ததில் அவருக்குப் பங்குண்டு. அம்னோவின் கதவை எல்லா இனத்தாருக்கும் திறக்கச் சொல்லி, அது நடக்காததால் 1951இல் வெளியேறியவரும் அவரே. தமிழர்கள் இந்த இரண்டாவது செய்தியை இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலிடம் எல்லாவற்றையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது என்று மாநிலம் குறைப்பட்டுக்கொள்கிறது. மாநிலத்தின் மீது எங்களுக்கும் அதே குறை உண்டு: நகராண்மைக் கழக உறுப்பினர்களை 1965க்குப் பிறகு நாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்ததில்லை. மாநில அரசுதான் நியமிக்கிறது. அதை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும், உங்களால் தனியாக முடியாது. பினாங்கு முயன்று 2014இல் நீதிமன்றத்தில் தோற்றது. ஆனால் அந்த நியமனப் பட்டியலைத் தயாரிக்கும்போது அந்தந்த வட்டாரத்து மக்களைக் கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

புத்ராஜெயாவோடு நடக்கும் பேச்சு இன்னும் பல ஆண்டுகள் நீளலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். மாநிலத்தில் தனியார் நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் எத்தனை, ஒவ்வொன்றின் நிலமும் யார் பெயரில் இருக்கிறது என்று பத்து மாவட்ட நில அலுவலகங்களிடமும் கேட்டு, அந்தப் பட்டியலை அடுத்த சட்டமன்றக் கூட்டத்தில் வையுங்கள். அடுத்து வரும் தோட்ட நில மாற்ற விண்ணப்பத்திலிருந்தே பள்ளி நிலத்தைப் பிரித்துத் தரும் நிபந்தனையைச் சேருங்கள்.

இப்படிக்கு,
ஜொகூர் பாருவிலிருந்து ஒரு வாக்காளர்