புகைக்குப் பாவமன்னிப்புச் சீட்டு



கரியமில வாயுவைச் சூரிய ஒளியின் துணைகொண்டு எரிபொருளாகவும் வேதிப்பொருளாகவும் மாற்றும் வினையூக்கிகளைப் பற்றிய செய்திகளை நீங்கள் வாசித்திருக்கலாம். "இனிக் கவலை இல்லை, புகையே பொன்னாகிவிடும்" என்று மகிழ்கிறவர்கள் உண்டு. "இது சிருஷ்டிகரின் வேலையில் கைவைப்பது" என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. இரு சாராரும் தவறுகிறார்கள் என்பது என் கருத்து. இந்த விஞ்ஞானத்தை நாம் நன்றியோடு வரவேற்கவேண்டும். அதைக் காரணம் காட்டி நம்மிடம் கேட்கப்படும் சலுகையையோ உறுதியாக மறுக்கவேண்டும். நெய்வேலியின் புகைபோக்கிகளுக்கும் பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டுக்கும் நடுவே வாழும் கடலூர் மாவட்டத்தாருக்கு இது தூரதேசத்துச் செய்தி அல்ல.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். கரியமில வாயு ஒருவகையில் அடுப்புச் சாம்பலைப் போன்றது. எரியவேண்டியது எரிந்து முடிந்தபின் எஞ்சுவது. அதை மீண்டும் விறகாக்க வேண்டுமானால், எரிந்தபோது வெளிவந்த ஆற்றலுக்குக் குறையாத ஆற்றலை எங்கிருந்தாவது கொண்டுவந்து கொடுத்தாகவேண்டும். வினையூக்கி அந்த ஆற்றலை உண்டாக்குவதில்லை. பாதையை எளிதாக்குகிறது, அவ்வளவே. ஆற்றலை ஒளி தருகிறது.

வெள்ளைப் பெயின்ட்டில் கலக்கப்படும் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். தகுந்த ஒளி அதன்மேல் பட்டால் எலக்ட்ரான் ஒன்று தன் நிலையிலிருந்து எழும்புகிறது. அது இருந்த இடம் வெறுமையாகிறது. எழும்பிய எலக்ட்ரான் கரியமில வாயுவிடம் போய்ச் சேருகிறது. வெறுமையான இடமோ தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஆக்சிஜனை விடுவிக்கிறது. இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு கிடைக்கும். ஆறு சேர்ந்தால் மெத்தனால். எட்டு சேர்ந்தால் மீத்தேன்.

இது நேற்று முளைத்த கனவு அல்ல. புகைபோக்கி இல்லாத, சூரிய ஒளியால் இயங்கும் தொழிற்சாலைகள் வரவேண்டும் என்று இத்தாலிய வேதியியலாளர் ஜாகமோ சாமிசியான் 1912-லேயே பேசினார். 1972-ல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளியையும் டைட்டானியம் டை ஆக்சைடையும் கொண்டு தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். 1979-ல் அவர்களும் உடன் ஆய்வாளர்களும் கரியமில வாயுவிலிருந்து மெத்தனால் முதலியவற்றைப் பெற்றார்கள். நம் சிதம்பரத்தில் 1929-ல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையினரும், சாயக்கழிவை ஒளியால் சிதைக்கும் இதே இன வினையூக்கிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வுகள் வெளியிட்டு வந்திருக்கிறார்கள்.

இத்தனை ஆண்டுகள் ஆகியும் ஏன் ஊருக்கொரு ஆலை எழும்பவில்லை? அந்த வெண்பொடி புறஊதாக் கதிரை மட்டுமே பயன்படுத்துகிறது. பூமிக்கு வரும் சூரிய ஒளியில் அது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். எழும்பிய எலக்ட்ரான்களில் பெரும்பாலானவை வேலை செய்யுமுன்பே பழைய இடத்துக்குத் திரும்பி விழுகின்றன. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் உண்டாவது எளிதாகையால் வினை அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இவற்றை வெல்லவே ஆய்வாளர்கள் பாடுபடுகிறார்கள். அந்தப் பாடு மெச்சத்தக்கது. ஆனால் இன்னும் அது ஆய்வுக்கூடத்தின் அளவிலேயே இருக்கிறது.

ஒளியை நேரடியாகப் பயன்படுத்தாத வேறு முறைகள் ஆலை அளவுக்கு வந்துவிட்டன. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் நாளொன்றுக்கு 20 டன் கரியமில வாயுவைப் பிடித்து, ஹைட்ரஜனோடு சேர்த்து, 10 டன் மெத்தனால் செய்யும் திட்டத்தை என்.டி.பி.சி. மேற்கொண்டது. ஆனால் அந்த நிலையத்தின் உற்பத்தித் திறன் 4,760 மெகாவாட். நிலக்கரியால் ஒரு மெகாவாட் மணி மின்சாரம் செய்ய ஏறக்குறைய ஒரு டன் கரியமில வாயு வெளிவரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாள் முழுவதும் பிடிக்கும் 20 டன், அந்த நிலையம் முழுவீச்சில் இயங்கினால் அரை நிமிடத்துக்குள் வெளிவிடும் புகைக்கு ஈடாகும்.

நம் தூத்துக்குடியில் 2016-ல் ஓர் ஆலை, கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு செய்யப்போவதாக அறிவித்தது. அரசு மானியம் இல்லாமல் இதைச் செய்யத் துணிந்தது பாராட்டுக்குரியது. ஆயினும் அந்தச் சோடா உப்பு கண்ணாடி உலைக்குள் போனால், அது கட்டிவைத்த வாயு மறுபடியும் வெளியே வருகிறது. மெத்தனாலை எரித்தாலும் அப்படியே. இவை கடனைத் தீர்ப்பதில்லை, தவணையைத் தள்ளிப்போடுகின்றன.

இங்கேதான் ஒரு மேய்ப்பனாக நான் பேசவேண்டியதாயிருக்கிறது. 1517-ல் மார்ட்டின் லுத்தர் விட்டன்பர்க்கில் எதை எதிர்த்தார்? பாவமன்னிப்பு கிடைப்பதை அல்ல. மனந்திரும்புதல் இருக்கவேண்டிய இடத்தில் விலைகொடுத்து வாங்கிய ஒரு சீட்டு வந்து உட்கார்ந்துகொண்டதை எதிர்த்தார். நாளைக்கு வரப்போகும் ஒரு வினையூக்கியைக் காட்டி இன்றைக்கு ஒரு புதிய சுரங்கத்துக்கு அனுமதி கேட்டால், அதுவும் அப்படிப்பட்ட சீட்டே. குற்றம் அந்த வெண்பொடியின்மேல் இல்லை. அதைச் சீட்டாக அச்சடிக்கிறவர்கள்மேல் இருக்கிறது.

இதற்கு விலை கொடுக்கிறவர்கள் யார் என்பதை நம் மாவட்டம் அறியும். 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் பணியில், நின்றிருந்த நெற்பயிரின்மேல் மண்வாரி இயந்திரங்கள் ஏறின. நிலம் முன்னமே கையகப்படுத்தப்பட்டது என்று நிறுவனம் கூறியது. சட்டத்தின் கணக்கு எதுவானாலும், வளர்ந்த பயிரை அறுவடைக்குமுன் மண்ணோடு மண்ணாக்கிய காட்சி தமிழரின் மனதைவிட்டு அகலாது.

நீங்கள் மறுத்துக் கேட்கலாம்: "போதகரே, உங்கள் வீட்டு விளக்கும் நெய்வேலி மின்சாரத்தால் எரியவில்லையா?" எரிகிறது. 1956-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தால் பிழைக்கும் குடும்பங்களும், அதற்கு நிலம் கொடுத்த குடும்பங்களும் ஒரே ஆலயத்தில் ஒரே பந்தியில் சேருகிறார்கள். ஆகவே நாளைக்கே அடுப்பை அணைக்கச் சொல்லேன். அடுப்பின் எண்ணிக்கையைக் கூட்டாதிருங்கள். இருக்கிறதை ஒழுங்காகக் குறையுங்கள். தொழிலாளிக்கு மாற்று வேலையை முன்னதாகவே ஆயத்தம் செய்யுங்கள் என்கிறேன்.

அப்படியானால் இந்த வினையூக்கிகளுக்கு இடம் எங்கே? தவிர்க்கமுடியாத புகையில். பக்கத்து அரியலூரின் சிமென்ட் ஆலைகளைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே கரியமில வாயு வரும். சூரிய மின்சாரத்தால் சுட்டாலும் வரும். அப்படிப்பட்ட இடத்தில், ஒளியின் ஆற்றலைக்கொண்டு அதை நீடித்து நிற்கும் பொருளாக மாற்றுவது மெய்யான ஊழியம். காற்றுக்கும் வெயிலுக்கும் விட்டுக்கொடுக்கக்கூடிய மின் உற்பத்தியின் புகையை நியாயப்படுத்த அதை இழுப்பது ஊழியம் அல்ல.

ஒளியால் கரியமில வாயுவைக் கட்டும் பழமையான ஆலை ஒன்று நம் கரையிலேயே நிற்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லைமரம் அலையாத்திக் காட்டு மரமே. பிச்சாவரத்தில் அதுவும் கண்டலும் சுரபுன்னையும் பிடித்த கரி, சேற்றுக்குள் நெடுங்காலம் அடங்கிக் கிடக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப்பின் நம் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-ல் வெளியான ஆய்வு, இத்தகைய காடுகளுக்குப் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைந்திருந்ததைக் காட்டியது. ஏதேனில் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் உத்தியோகம் தோட்டத்தைப் பண்படுத்துவதும் காப்பதும் ஆகும். பண்படுத்துவதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். காப்பதற்கு இந்தக் காடு வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை விட்டுவிட நமக்கு அதிகாரம் இல்லை. நாம் உக்கிராணக்காரர், உடைமைக்காரர் அல்லர்.

ஆகவே, பிரியமானவர்களே, உங்கள் பிள்ளை வேதியியல் படிக்க விரும்பினால் தடுக்காதிருங்கள். அது தேவனுடைய கைவேலையைக் கற்றுக்கொள்ளும் வழி. சுரங்க விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால் வீட்டில் இராதேயுங்கள். அங்கே யாராவது "புகையை மாற்றும் தொழில்நுட்பம் வருகிறது" என்று சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: நாளொன்றுக்கு எத்தனை டன்? அதற்கான ஆற்றல் எங்கிருந்து? செய்த பொருள் எத்தனை நாள் புகையாகாமல் இருக்கும்? மறுமொழி இல்லாவிட்டால், கையிலே இருப்பது சீட்டு என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஜெபம்: ஒளியை உண்டாக்கின பிதாவே, ஆய்வுக்கூடத்தில் விழித்திருக்கிறவர்களுக்கு ஞானத்தையும், நிலத்தை இழந்தவர்களுக்கு நியாயத்தையும், எங்களுக்கு மனந்திரும்பும் இருதயத்தையும் தந்தருளும். ஆமென்.