கரையிற் காட்டும் வீரம்

இளமைப் பருவத்தினர்க்கு வீரச் செயல்களில் வேட்கை மிகுதல் இயல்பே. மலையேறுதலும், காடு காண்டலும், நீர்வழிச் செல்லுதலும் உடலுக்கு உரனும் உள்ளத்துக்கு ஊக்கமும் அளிப்பன என்பதை மறுப்பார் யார்? ஆயினும், அத்தகைய பயணங்களில் வீரம் என்பது யாது என்னும் வினாவுக்கு நம்மனோர் கூறும் விடை பெரும்பாலும் பிழைபட்டது என்பது எம் கருத்து. அலையை எதிர்த்துத் துடுப்பு வலிப்பவனை வீரன் என்று போற்றுகின்றோம். கரையில் நின்று, 'இன்று வேண்டா' என்பவனைக் கோழை என்று நகைக்கின்றோம். இக்கொள்கை உயிரைக் கொள்ளைகொள்வது என்பதைக் கானடா நாட்டுத் தோணிப் பயணங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அந்நாட்டின் வடபால் ஏரிகளும் ஆறுகளும் எண்ணிறந்தன. கேனோ எனப்படும் ஒடுங்கிய இலேசான தோணியிற் சென்று, நீர்வழி அற்றவிடத்து அதனைத் தலைமேற் கவிழ்த்துச் சுமந்து, அடுத்த ஏரியை அடைவது அங்குள்ள பழங்குடி மக்கள் நெடுங்காலமாகக் கையாண்ட முறை. இன்று பள்ளிச் சிறுவரும் விடுமுறைக் காலத்தில் இவ்வழிச் செல்கின்றனர். பல நாள் சென்றாலும் ஊரோ மருத்துவமனையோ எதிர்ப்படாத காடுகள் அவை.

ஒண்டாரியோ, கியூபெக் என்னும் இரு மாகாணங்களுக்கும் எல்லையாய்க் கிடக்கும் டிமிஸ்கமிங் ஏரியில் 1978-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் நிகழ்ந்த துயரம் நினைவிற் கொள்ளற்பாலது. ஒரு பள்ளியைச் சார்ந்த 27 சிறுவரும் 4 தலைவரும் நான்கு தோணிகளில் வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். காற்றெழுந்து அலை மிகுந்தது. ஒரு தோணி கவிழ்ந்தது. துணைசெய்ய முயன்ற ஏனைத் தோணிகளும் கவிழ்ந்தன. அன்று 12 சிறுவரும் தலைவர் ஒருவரும் மாண்டனர். அவர்கள் மிதவைச் சட்டை அணிந்திருந்தும் மாண்டனர் என்பதே நாம் ஊன்றி நோக்க வேண்டுவது. அவர்களைக் கொன்றது நீரின் ஆழமன்று, குளிர்ச்சியே.

குளிர்நீரின் இயல்பை மானிட்டோபாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்பார் பல்லாண்டு ஆராய்ந்து, யாவரும் நினைவிற் கொள்ளத்தக்க ஒரு கணக்கை வகுத்துள்ளார். பனிக்கட்டியை ஒத்த குளிர்நீரில் வீழ்ந்தவனுக்கு மூச்சு நிலைகொள்ள 1 நிமிடம் செல்லும். அதன்பின் கையும் காலும் பயன்படுவது ஏறக்குறைய 10 நிமிடமே. உணர்வு அழிவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். எனவே, நீந்தவல்லவன் என்னும் செருக்கு அந்நீரிற் பயன்படுவது சில நிமிடங்களே. மிதவைச் சட்டை இன்றியமையாததேயாயினும், அது முகத்தை நீர்மேல் நிறுத்துமேயன்றி உடலின் வெப்பத்தைக் காவாது.

இதனாற் பெறப்படுவது யாது? தோணி கவிழ்ந்தபின் செய்யத்தக்கது சிறிது. கவிழுமுன் செய்யத்தக்கது பெரிது. காற்றடங்கிய காலைப்பொழுதிற் செல்லுதல், அகன்ற ஏரியின் நடுவே குறுக்கிடாது கரையை ஒட்டிச் செல்லுதல், பாறைகளிடையே நுரைத்தோடும் வேகநீரை இறங்கிச் சென்று கண்டபின்னரே துணிதல், ஐயமுண்டாயின் தோணியைச் சுமந்து செல்லுதல், உலர்ந்த ஆடையை நீர்புகாப் பையிற் பொதிந்து வைத்தல், செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் ஊரிலுள்ளார்க்கு எழுதிக் கொடுத்தல் ஆகிய இவை யாவும் கரையிற் செய்யும் முடிபுகள். கருவிகளால் அமைவன அல்ல. இக்காலத்தே வானிலுள்ள செயற்கைக்கோள் வாயிலாக உதவி வேண்டும் கருவிகள் உள. எனினும், அழைப்புச் சென்று ஆள் வருமளவும் குளிர்நீர் காத்திராது.

'இத்துணை அச்சம் உடையார் வீட்டிலேயே இருக்கலாமே' என்று சிலர் வினவுவர். அவர்க்கு லாப்ரடார் நாட்டு வரலாறு விடை கூறும். 1903-ஆம் ஆண்டில் லியோனிடாஸ் ஹப்பார்ட் என்னும் பத்திரிகையாளர் இரு துணைவருடன் அந்நாட்டின் உள்ளிடங்களை ஆராயச் சென்றார். நஸ்காப்பி ஆற்றின் முகத்தைக் காணாது தவறவிட்டுச் சூசன் என்னும் சிற்றாற்றில் ஏறினார். வழி தவறியதினும் கொடியது, திரும்பக் காலம் தாழ்த்தியதே. உணவு அருகியது, குளிர் நெருங்கியது, அக்டோபர் மாதத்தில் அவர் பசியால் இறந்தார். அவர் மனைவி மினா ஹப்பார்ட் 1905-ஆம் ஆண்டில் அப்பயணத்தையே மேற்கொண்டார். முன்னர்த் தம் கணவருடன் சென்று மீண்ட ஜார்ஜ் எல்சன் என்பாரையும், காட்டுவழி வல்லார் வேறு மூவரையும் துணைக்கொண்டு, இரண்டு தோணிகளில் 500 மைலுக்கு மேற்பட்ட வழியை ஏறக்குறைய இரண்டு மாதத்தில் கடந்து, உங்காவா விரிகுடாவை அடைந்தார். ஓருயிரும் அழிந்திலது. விழிப்புடைமை பயணத்தைத் தடுக்கவில்லை, முடித்தே வைத்தது. அஞ்சத்தக்கவற்றை அஞ்சாதிருத்தலைத் திருவள்ளுவர் வீரத்தின்பாற் படுத்தாது அறியாமையின்பாற் படுத்தினமையும் ஈண்டு நினையத்தக்கது.

இனி, 'இன்று வேண்டா' என்று சொல்லும் உரிமை யாருடையது? தலைவர் ஒருவருடையதே என்பது பலர் துணிபு. யாம் அதற்கு உடன்படோம். தலைவரும் களைப்பர், குறித்த நாளுக்குள் குறித்த இடத்தை அடைய வேண்டுமென்னும் ஆவல் அவரையும் மயக்கும். தோணியின் முன்னணியத்தில் அமர்ந்து அலையை முதலிற் காண்பவன் குழுவில் இளையவனாகவும் இருக்கலாம். அவன் வாய் திறந்தால் நகைப்புக்கு ஆளாவான் எனின், அக்குழு ஒரு கண்ணைத் தானே கட்டிக்கொண்டதாகும். ஆசிரியர்க்குக் கீழ்ப்படிதல் மாணாக்கர் கடனே. ஆனால் வாய் வாளாமை கீழ்ப்படிதல் ஆகாது. கண்ட இடரை மரியாதையுடன் உரைத்தல் மாணாக்கர் கடன்; அதனைச் செவிமடுத்தல் ஆசிரியர் கடன். தம் மக்களை ஒப்படைத்த பெற்றோர்க்கு இருவரும் ஒருங்கே கடன்பட்டவர் அல்லரோ?

ஆதலின், நீர்வழிச் செல்ல விரும்பும் இளைஞரை யாம் தடுக்கின்றிலேம். செல்க என்றே வாழ்த்துகின்றோம். புறப்படுமுன், 'நம்முள் எவன் வேண்டா என்பினும் நிற்போம்' என்று குழுவினர் யாவரும் கரையில் உடன்பாடு செய்துகொள்வாராக. அலைமேற் காட்டும் வீரத்தைக் காண்பார் பலர். கரையிற் காட்டும் வீரத்தைப் புகழ்வார் சிலரே. எனினும், அவ்வீரமே அனைவரையும் இல்லம் சேர்ப்பது.