மூடியைத் திறக்கச் சொன்னது நாங்கள்தான்

புதுக்கோட்டைக்காரர்களுக்கு வீதிகளைப் பற்றிப் பெருமை அதிகம். தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் நேர்நேராகப் பிரித்த வீதிகள். ராஜவீதி, இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண்ணிக்கொண்டே போனால் வெளியூர்க்காரரும் வழி தவறமாட்டார். 1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி குளங்களைத் தூர்வாரிய கதையையும் விருந்தாளிகளிடம் சொல்வோம். அதே வீதிகளின் அடியில் என்ன ஓடுகிறது, எந்தப் பக்கம் சரிகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டால் எங்களில் பதில் சொல்கிறவர் அபூர்வம். தெரிந்துகொள்ள நாங்கள் முயன்றதே இல்லை.

பாதாளச் சாக்கடை சரிவை நம்பி ஓடுவது. ஓட்டம் மந்தமானால் கசடு படியும். படிந்த கசடிலிருந்து அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். குழாயின் மேற்புற ஈரத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்க, கான்கிரீட் உள்ளிருந்தே அரிபடும். மேலே தார்ச்சாலை பளபளவென்று இருக்கும். ஒருநாள் லாரிச் சக்கரம் இறங்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இந்த அரிப்புக்கு நாங்கள் செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல. மொட்டைமாடி மழைநீர்க் குழாயைச் சாக்கடையில் சேர்த்தோம். நாப்கினையும் கந்தல் துணியையும் பொரித்த எண்ணெயையும் வீடு கட்டிய மிச்ச மணலையும் அதில் தள்ளினோம். வாசலில் சரிவுமேடை போட்டு மேன்ஹோல் மூடியைப் புதைத்தோம். இணைப்பு இல்லாத தெருக்களில் செப்டிக் டேங்க் வழிவை மழைநீர் வாய்க்காலில் திருப்பிவிட்டோம். அது வரத்துவாரி பிடித்துக் குளத்துக்குப் போகும். சாஸ்திரியின் பெயரைச் சொல்லிக்கொண்டே இதைச் செய்தோம். 2024இல் ஊர் மாநகராட்சி ஆனபோது எங்களுக்கு வந்த முதல் கவலை, வீட்டுவரி ஏறுமே என்பதுதான்.

குடிநீர்க் குழாய் உடைந்தால் வால்வை மூடிவிட்டு, இரண்டு நாள் தண்ணீர் வராது என்று ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போகலாம். சாக்கடையை அப்படி நிறுத்த முடியாது. குழாய் உடைந்தது என்பதற்காக ஊர் குளிக்காமல் இருக்குமா? அதனால் மேட்டுப்பக்கக் குழியில் அடைப்பான் வைத்து, வருகிற கழிவுநீரைப் பம்பு போட்டு இறைத்து, தெருமேலேயே ஹோஸ் விரித்து, பழுதுக்கு அப்பால் உள்ள குழியில் விடவேண்டும். நடுத்துண்டு காலியான பிறகே கை வைக்க முடியும். தோண்டி மாற்றலாம். தோண்டாமலும் முடியும்: 1971இல் லண்டனில் எரிக் வுட் என்பவர் பிசினில் தோய்ந்த துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி இறுகவைத்துக் காட்டினார். எந்த முறையானாலும், ஓட்டம் குறைகிற இரவில்தான் வேலை வசப்படும். சில இரவுகள் பம்புச் சத்தம், வாசலில் ஹோஸ், துணி துவைப்பதைத் தள்ளிப்போடச் சொல்லும் வேண்டுகோள். எங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

அதைத்தான் நாங்கள் கொடுக்கவில்லை. எங்களுக்கு இப்போதே சரியாக வேண்டும். வாசலும் மறிபடக்கூடாது. இந்த அவசரத்துக்கு மலிவான வழி ஒன்றுதான்: மூடியைத் திறந்து ஓர் ஆளை இறக்குவது. பாதுகாப்பில்லாமல் அப்படி இறக்குவதை, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் குற்றமாக்கியது. குழிக்குள் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. தொகை உயர்ந்த செய்தியைப் படித்தோம். சாவு நிற்காததால்தான் மறுபடி தீர்ப்பு எழுதவேண்டி வந்தது என்பதை யோசிக்கவில்லை.

2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில், வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. கொதித்தோம், கொதிக்கவேண்டிய விஷயம். ஆனால் எங்கள் வீட்டு மலம் அன்றாடம் யார் கையில் படுகிறது, அந்தக் கை ஏன் எப்போதும் அதே சாதியின் கையாக இருக்கிறது என்ற கேள்வியை எங்கள் வாசல்வரை நாங்கள் வரவிடவில்லை.

திரளத் தெரியாத மக்கள் என்று சாக்கு சொல்லவும் வழியில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்ற மாவட்டம் இது. ஊர் ஊராகக் கூடி எழுத்துப் படித்தவர்கள், தெருவில் நாலு மூடி எங்கே புதைந்திருக்கிறது என்று கூடிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கவில்லை.

எங்கள் தெருவில் அடைப்பானும் பம்பும் வந்து இறங்கும் இரவில், ஹோஸைத் தாண்டி வண்டியை எடுக்க முடியவில்லை என்று யாராவது கவுன்சிலருக்குப் போன் போடுவார்கள். அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் வண்டியெல்லாம் எதற்கு, ஒரு ஆளை விட்டால் பத்து நிமிஷ வேலை என்று பக்கத்தில் ஒருவர் எடுத்துக்கொடுப்பார். இரண்டு பேருமே எங்களவர்கள்தான்.