ரூட் பண்ணுங்க, ஆனா சம்பளம் வர்ற போன்ல வேண்டாம்



பட்ஜெட் போன் பத்தி எப்போ பேசினாலும் ஒரு கேள்வி தவறாம வந்துடுது. "போன் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. கம்பெனி அப்டேட்டை நிறுத்திடுச்சு. விளம்பரத் தொல்லை வேற. புதுசா 15,000 ரூபாய் போடுறதுக்குப் பதிலா இதையே ரூட் பண்ணிட்டா என்ன? பேங்க் ஆப் ஓடலைன்னா ரூட்டை மறைக்கவும் வழி இருக்காமே?"

நியாயமான கேள்விதான். இருக்கிற பொருளை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்னு நினைக்கிறதை ஒரு பர்சனல் ஃபைனான்ஸ் பக்கத்துல குறை சொல்ல முடியாது. ஆனா இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. ரூட் பண்ணலாமா என்பது ஒண்ணு. பண்ணினதை பேங்க்கிட்ட மறைக்கலாமா என்பது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு என் பதில், பணம் புழங்காத போன்னா தாராளமா பண்ணுங்க. ரெண்டாவதுக்கு, கூடவே கூடாது. ஏன்னு பார்ப்போம்.

ரூட்னா என்ன?

ஆண்ட்ராய்டு, லினக்ஸ் கர்னல் மேல ஓடுது. ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு தனி யூசர் எண் கொடுத்து, தனித்தனி அறையில பூட்டி வைக்குது. நீங்க டவுன்லோட் பண்ற ஒரு கேம், உங்க பேங்க் ஆப்போட ஃபைலை எட்டிப் பார்க்க முடியாததுக்கு இதுதான் காரணம். 0 என்ற எண் இருக்கிற யூசருக்குத்தான் ரூட்னு பேர். எல்லா அறைக்கும் சாவி அவர்கிட்ட இருக்கும். போன் கம்பெனி அந்தச் சாவியை உங்க கையில தர்றதில்லை. அதை நீங்களே எடுத்துக்கிறதுதான் ரூட் பண்றது.

முதல்ல பூட்லோடரை அன்லாக் பண்ணணும். இந்த இடத்துலயே போன்ல இருக்கிற டேட்டா முழுக்க அழிஞ்சிடும். அப்புறம் பூட் இமேஜை மேஜிஸ்க் மாதிரி ஒரு ஆப்பால திருத்தி, கம்ப்யூட்டர்ல இருந்து ஏத்தணும். ஷாவ்மி போன்ல அன்லாக் அனுமதிக்கே பல நாள் காத்திருக்க வேண்டி வரும். சாம்சங் போன்ல நாக்ஸ்னு ஒரு பாதுகாப்பு இருக்கு. ரூட் பண்ணினதும் உள்ளே ஒரு மின் ஃபியூஸ் நிரந்தரமா எரிஞ்சிடும். அப்புறம் ஒரிஜினல் சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் மாதிரி வசதிகள் அந்த போன்ல வேலை செய்யாது.

சாவி கேட்கிறவங்க பக்கமும் நியாயம் இருக்கு

நம்ம காசு கொடுத்து வாங்கின பொருள். அதுல அழிக்க முடியாத ஆப் எதுக்கு? செட்டிங்ஸ் உள்ள போனாலும் விளம்பரம் எதுக்கு? அமெரிக்காவுல 2010-லயே ஸ்மார்ட்போனோட பூட்டை உடைக்கிறதுக்குக் காப்புரிமைச் சட்டத்துல விலக்கு கொடுத்தாங்க. 2015-ல டேப்லெட்டையும் சேர்த்தாங்க. பொருளோட சொந்தக்காரருக்கு அதுமேல உரிமை இருக்குங்கிற வாதம் வெறும் அடம் இல்லை.

இன்னொரு முரண்பாடும் இருக்கு. மூணு வருஷமா செக்யூரிட்டி அப்டேட்டே வராத பழைய போன்ல பல பேங்க் ஆப் சத்தமில்லாம ஓடும். அதே போன்ல லினியேஜ் ஓஎஸ் போட்டு புது செக்யூரிட்டி பேட்ச் வச்சிருந்தா, ரூட்டே பண்ணலைன்னாலும், பூட்லோடர் திறந்திருக்குன்னு சொல்லி ஆப் கதவைச் சாத்திடலாம். இது எனக்கும் சரியாப் படலை. பேங்க்குகள் இதை மாத்தணும்னு கேட்கலாம், கேட்கணும். ஆனா அது மாறுற வரைக்கும் நம்ம பணம் எந்த விதிக்குக் கீழ இருக்குன்னு பார்த்துத்தான் முடிவு எடுக்கணும்.

பேங்க் ஏன் தடுக்குது?

2021 பிப்ரவரியில டிஜிட்டல் பேமென்ட் பாதுகாப்பு பத்தி ஆர்பிஐ ஒரு வழிகாட்டுதல் கொடுத்துச்சு. போன் ரூட் ஆகியிருக்கான்னு பார்த்து, ஆகியிருந்தா ஆப்பை ஓடவிடாம தடுக்கிற வழியை ஆராயச் சொல்லி அதுல இருக்கு. அதனால உங்க பேங்க் மட்டும் வேணும்னே பண்ற வேலைன்னு நினைக்காதீங்க. போன் நம்பத்தகுந்ததான்னு ஆப்கள் கூகுளோட பிளே இன்டெக்ரிட்டிகிட்ட கேட்கும். பூட்லோடர் திறந்திருந்தா பதில் சாதகமா வராது.

யுபிஐ எப்படி வேலை செய்யுதுன்னு யோசிங்க. ஆப்பை முதல்முறை போடும்போது உங்க சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாப் போகும். அதோட அந்த சிம்மும் அந்த போனும் சேர்ந்து உங்க அடையாளமா மாறிடுது. அதுக்கு மேல பாக்கி இருக்கிறது பின் நம்பர் மட்டும்தான். ரூட் போன்ல தெரியாத்தனமா ஒரு கெட்ட ஆப்புக்கு 'அனுமதி' பட்டனை அழுத்திட்டா, ஓடிபி வர்ற எஸ்எம்எஸ், மத்த ஆப்களோட ஃபைல், ஸ்கிரீன்ல நீங்க தொடுற இடம்னு எல்லாத்தையும் அது பார்க்க வழி கிடைக்குது.

இப்போ கணக்கு போடுவோம்

15,000 ரூபாய் போன் மூணு வருஷம் ஓடினா வருஷத்துக்கு 5,000. ரூட் பண்ணி இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டினீங்கன்னா வருஷத்துக்கு 3,000. மிச்சம் வருஷத்துக்கு 2,000, அதாவது மாசம் சுமார் 167 ரூபாய்.

அடுத்த பக்கத்துக்கு வாங்க. ஒரு பேச்சுக்கு, சம்பளக் கணக்குல 40,000, எமர்ஜென்சி ஃபண்ட் 1,20,000, கிரெடிட் கார்டு லிமிட் 1,00,000 இருக்குன்னு வைங்க. எல்லாரும் மறக்கிற ஒண்ணு இன்னும் இருக்கு. பேங்க் ஆப்பைத் திறந்ததும் 'உங்களுக்கு 2,00,000 ரூபாய் பிரீ அப்ரூவ்டு லோன்'னு ஒரு பேனர் வருதே, அதையும் சேர்க்கணும். நாலு தட்டுல அந்தப் பணம் கணக்குக்கு வந்துடும், அடுத்த நிமிஷம் வெளியேயும் போயிடும். மொத்தம் 4,60,000 ரூபாய். அதுல பாதிக்கு மேல நீங்க இன்னும் சம்பாதிக்காத பணம். திருடு போனா, இஎம்ஐ உங்க பேர்ல நிக்கும்.

மாசம் 167 ரூபாய் மிச்சத்துக்கு 4,60,000 ரூபாய் இருக்கிற கதவோட தாழ்ப்பாளைக் கழட்டி வைக்கிறோம். ஒவ்வொரு ரூட் போன்லயும் பணம் போயிடும்னு நான் சொல்லலை. வருஷக்கணக்கா ஒண்ணும் ஆகாம வச்சிருக்கிறவங்களும் இருக்காங்க. ஆனா கிடைக்கிற லாபத்துக்கும் எடுக்கிற ரிஸ்க்குக்கும் பொருத்தம் இல்லை.

மறைக்கிறதுதான் பெரிய சிக்கல்

'ரூட் இருக்கிறது பேங்க்குக்குத் தெரியாம பண்ண மாட்யூல் இருக்கு ப்ரோ'ன்னு நண்பர் சொல்லுவார். இருக்கு. கூகுள் ஒரு வழியை அடைச்சா இன்னொண்ணு வரும். வேற போன்கள்ல இருந்து கசிஞ்ச சான்றிதழ்களைப் போட்டு ஏமாத்துறதும் நடக்குது. கூகுள் அதை ரத்து பண்ணினதும் புதுசு தேடணும். அந்த மாட்யூல் எங்கேருந்து வருது? பல நேரம் டெலிகிராம்ல பேர் தெரியாத ஒருத்தர் போட்ட ஜிப் ஃபைல்தான். அது ஓடுறதும் அதே ரூட் அதிகாரத்தோடதான். கம்பெனி மேல நம்பிக்கை இல்லைன்னு சாவியை வாங்கி, முகம் தெரியாதவர் கையில கொடுத்த மாதிரி ஆகுது.

இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. அனுமதி இல்லாம பணம் போனா யார் பொறுப்புன்னு 2017 ஜூலை 6-ம் தேதி சுற்றறிக்கையில ஆர்பிஐ சொல்லியிருக்கு. தப்பு பேங்க் பக்கமும் இல்லை, உங்க பக்கமும் இல்லைன்னா, 3 வேலை நாளுக்குள்ள தெரிவிச்சா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். 4-லிருந்து 7 நாளுக்குள்ளன்னா சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உங்க பங்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஆனா உங்க அலட்சியத்தால போனதுன்னா, நீங்க பேங்க்குக்குத் தெரிவிக்கிற வரைக்கும் போன பணம் முழுக்க உங்க தலையில.

அந்தச் சுற்றறிக்கை ரூட் பண்றதை அலட்சியம்னு சொல்லலை. நிரூபிக்கிற பொறுப்பும் பேங்க்குடையதுதான். ஆனா பல பேங்க்குகளோட ஆப் விதிமுறையில, ரூட் பண்ணின போன்ல பயன்படுத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கு. நீங்க 'ஐ அக்ரீ' தட்டியிருக்கீங்க. அதோட நிக்காம, ஆப் பண்ற சோதனையை ஏமாத்த ஒரு மாட்யூலும் போட்டிருக்கீங்க. நாளைக்குப் பணம் போய், 'என் மேல தப்பு இல்லை'ன்னு கடிதம் எழுதும்போது, பேங்க் முதல்ல காட்டப் போறது இதைத்தான். ஜெயிக்க வேண்டிய புகாரை நம்ம கையாலேயே பலவீனமாக்கிக்கிறோம்.

ஆபீஸ் மெயில், டீம்ஸ் அதே போன்ல இருந்தா இன்னும் கவனம். ரூட் போனை அனுமதிக்கக் கூடாதுன்னு பல கம்பெனி ஐடி பாலிசியில இருக்கு. அங்கேயும் மறைச்சா அது வேலை சம்பந்தப்பட்ட விஷயமா மாறிடும்.

பாதி வேலைக்கு ரூட்டே தேவையில்லை

வேண்டாத ஆப்பை எடுக்கணுமா? கம்ப்யூட்டர்ல ஏடிபி போட்டு உங்க யூசருக்கு மட்டும் அதை நீக்கலாம். ரூட் தேவையில்லை, ஃபேக்டரி ரீசெட் பண்ணினா திரும்ப வந்துடும். எந்த ஆப் எதுக்குன்னு தெரியாம கை வைக்காதீங்க. வேலை முடிஞ்சதும் யுஎஸ்பி டீபகிங்கையும் டெவலப்பர் ஆப்ஷனையும் ஆஃப் பண்ணிடுங்க, அது ஆன்ல இருந்தாலும் சில பேங்க் ஆப் திறக்காது.

விளம்பரம் குறையணுமா? ஆண்ட்ராய்டு 9-லிருந்து பிரைவேட் டிஎன்எஸ் வசதி இருக்கு. ஆட்கார்ட் மாதிரி விளம்பரம் தடுக்கிற டிஎன்எஸ் போட்டா கணிசமாக் குறையும். பேட்டரியை 80 சதவீதத்தோட நிறுத்துற வசதி இப்போ பல போன்ல செட்டிங்ஸ்லயே வருது.

அப்போ ரூட் ஆசை?

பழைய போனுக்கு ஒதுக்குங்க. அதுக்கு முன்னாடி யுபிஐ ஆப்ல டீ ரெஜிஸ்டர் பண்ணுங்க. பேங்க் ஆப், ஆத்தென்டிகேட்டர் எல்லாத்தையும் புது போனுக்கு மாத்துங்க. சிம்மை எடுத்துடுங்க. தனியா ஒரு கூகுள் அக்கவுண்ட் போடுங்க. அப்புறம் அந்த போன் உங்க ஆராய்ச்சிக் கூடம். லினக்ஸ் கத்துக்கலாம், வீட்டுல சிசிடிவி ஆக்கலாம், பழைய டேப்லெட்டைப் புத்தகம் படிக்க மட்டும் வச்சுக்கலாம். கெட்டுப்போனாலும் நஷ்டம் ஒரு பழைய போன் அளவுதான்.

செகண்ட் ஹேண்ட்ல போன் வாங்குறவங்க ஒண்ணு செய்ங்க. கடையிலேயே ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பூட்லோடர் திறந்திருக்குன்னு எச்சரிக்கை ஸ்கிரீன் வருதான்னு பாருங்க. பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல 'அபௌட்' பகுதியில போன் சர்டிஃபைட்னு இருக்கான்னு பாருங்க. அடுத்தவர் ரூட் பண்ணின போன்ல உங்க சம்பளக் கணக்கு போகக் கூடாது.

அடுத்த போன் வாங்கும்போது கேமரா மெகாபிக்சலுக்கு முன்னாடி, எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட்னு கேளுங்க. கூகுள் பிக்சல் 8-க்கு 7 வருஷம், பட்ஜெட் வரிசையிலேயே சாம்சங் கேலக்ஸி ஏ16-க்கு 6 வருஷம் சொல்லியிருக்காங்க. விலையை அந்த வருஷத்தால வகுத்துப் பாருங்க. ரூட் பண்ணி மிச்சம் பிடிக்க நினைச்ச பணம் பெரும்பாலும் அங்கேயே கிடைச்சுடும்.

போன் ரூட் ஆனதோ இல்லையோ, என்னைக்காவது பணம் போச்சுன்னு தெரிஞ்சா உடனே 1930-க்கு போன் போடுங்க, பேங்க்குக்கும் தெரிவிச்சுப் புகார் எண்ணை வாங்கி வச்சுக்குங்க. 30 நாள்ல பேங்க் பதில் தரலைன்னா ஆர்பிஐ ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம்.

உங்க போன் உங்களுடையதுதான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா சம்பளம் வர்ற போன்ல உங்க வீட்டு வாடகையும், அப்பா அம்மாவுக்கு அனுப்புற பணமும் சேர்ந்து இருக்கு. பரிசோதனையை இன்னொரு போன்ல வச்சுக்குங்க.