நீர்தரும் மலைக்குப் பேச வாயில்லையா?

சேலம், நாமக்கல் சமவெளி தனக்கு வேண்டும் நீரைத் தானே ஈன்றுகொண்டதன்று. சேர்வராயன் மலையில் ஊறும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே இறங்கி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் கலக்கின்றது. அதே மலையில் பிறக்கும் சரபங்கா ஓமலூர் வழியே காவிரியை நாடுகின்றது. கொல்லிமலையினின்று இறங்கும் கரைபோட்டான் ஆறும் அவ்வாறே. மலையில் காடு நின்றால் சமவெளியில் கிணறு ஊறும். மலை மொட்டையானால் ஏரி வறளும். இதை அறியாத உழவர் இம்மாவட்டங்களில் ஒருவரும் இலர். ஆயினும் நீரை வாங்கிக்கொண்ட சமவெளி, மலைக்குத் திருப்பிக் கொடுத்தது யாது? சமவெளிச் சிற்றூர்களில் நின்ற இடத்திலேயே கைப்பேசி பேசுகின்றது. மலையேறினாலோ, வளைவுக்கு வளைவு அலை தேய்ந்து, பள்ளத்தாக்கு ஊர்களில் கைப்பேசி வெறும் கல்லாகிவிடுகின்றது. காட்டைக் காக்கச் சொல்லி மலைமக்களுக்கு அறிவுரை கூறுவோர் பலர். அவர்தம் குரல் கீழே வந்து சேர வழி செய்தோர் எத்தனை பேர்?

இது வெறும் வசதிக்குறை என்று தள்ளிவிடத் தக்கதன்று. கொரோனாத் தொற்றுநோயால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2021-ஆம் ஆண்டில், இராசிபுரம் வட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூர்ப் பிள்ளைகள் இணைய வகுப்பில் சேர்வதற்காக ஆலமரத்தின் மேலேறிக் கிளைகளில் அமர்ந்து படித்த செய்தி நாடெங்கும் பரவிற்று. படங்கள் வந்தன, அதிகாரிகள் வந்தனர். உச்சி மலையில் அன்று, மலையடியிலேயே இந்நிலை என்றால், மேலே உள்ளோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? கிளை முறிந்து ஒரு பிள்ளை விழுந்திருந்தால், 108 ஊர்தியை அழைக்கவும் மற்றொரு பிள்ளை அதே மரத்தில்தான் ஏறியிருக்க வேண்டும்.

கொல்லிமலை தமிழர்க்குப் புதிய பெயரன்று. கழக இலக்கியம் பாடிய வல்வில் ஓரியின் நாடு அது. ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அரசே அங்கு ஓரிக்கு விழா எடுக்கின்றது. மேடையும் விளக்கும் ஒலிபெருக்கியும் மலையேறி வருகின்றன. விழா முடிந்ததும் இறங்கிவிடுகின்றன. அம்மலையின் 14 ஊராட்சிகளும் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, சேளூர் நாடு என்று இன்றும் 'நாடு' என்னும் பழந்தமிழ் ஆட்சிப்பெயரையே தாங்கி நிற்கின்றன. சமவெளித் தமிழர் என்றோ இழந்துவிட்ட பெயர்முறையை மலைமக்கள் இழக்கவில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே. ஏற்காடு ஒன்று, சேந்தமங்கலம் மற்றொன்று. இரண்டும் இந்நிலப்பகுதியிலேயே உள்ளன. பழங்குடியினர்க்கென அமைந்த இரண்டு வாய்களும் இம்மலைகளினுடையவையாக இருந்தும் மலையின் பேச்சு கேட்கவில்லை என்றால், குறை மலையினுடையதன்று.

இயற்கையைக் காக்கும் கூட்டாண்மை என்று இந்நாளில் பலரும் பேசுகின்றனர். அச்சொல்லின் பொருளை அறியக் கொல்லிமலையின் கதையே போதும். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று பல்வகைக் கூலங்கள் விளைந்த மலை அது. ஒவ்வொன்றிலும் பல வகை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர், ஒரு பருவம், ஒரு சுவை. பின்னர் மரவள்ளிக் கிழங்கு ஏறி வந்தது. கீழே சேலத்தைச் சுற்றிச் சவ்வரிசி ஆலைகள் பெருகின. 1981-இல் அவ்வாலையர்க்கென ஒரு கூட்டுறவுக் கழகமே தோன்றிற்று. ஆலை கிழங்கைக் கேட்டது, கிழங்கு பணம் தந்தது, கூலங்கள் தேய்ந்தன. இதில் மலையுழவரைப் பழிப்பது நேர்மையன்று. கூலத்தைக் குற்றிப் புடைக்கும் உழைப்பு முழுதும் பெண்களின் தோளில் விழுந்தது. விற்கப் போனாலோ விலையில்லை. யார்தான் எத்தனை நாள் தாங்குவர்?

1990-களில் எம்.எசு. சாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குப் பணி தொடங்கியபோது கண்டுகொண்டதும் இதுதான். விதையைச் சேர்த்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மட்டும் விதை பிழைக்காது. விதைப்பவர் பிழைக்க வேண்டும். ஆகவே ஊர்தோறும் விதைவைப்பகங்கள் அமைந்தன. அவற்றின் பொறுப்பு உழவர் கையிலும் பெண்கள் குழுக்களின் கையிலும் விடப்பட்டது. கூலம் உமிநீக்கும் பொறிகள் ஊருக்கே வந்தன; அரிசியாகவும் மாவாகவும் ஆக்கி விற்கும் வழி திறந்தது. மறைந்து கொண்டிருந்த வகைகள் சில மீண்டும் மண்ணில் இறங்கின. உலகம் 2023-ஐச் சிறுகூல ஆண்டென்று கொண்டாடுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே மலைப்பெண்கள் அதைச் செய்துவிட்டனர். இங்கே காப்பவரும் உண்பவரும் விற்பவரும் ஒருவரே. இதுவே கூட்டாண்மை.

சமவெளியிலும் ஒரு சான்று உண்டு. சேலம் கன்னங்குறிச்சியில் 58 ஏக்கர்ப் பரப்புள்ள மூக்கனேரி, சேறும் குப்பையுமாய்க் கிடந்தது. 2010-இல் சேலம் மக்கள் குழுவினர் அதைப் பொறுப்பேற்றனர். வாரிய மண்ணை விற்றுக் காசாக்கவில்லை; ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாய்க் குவித்து மரம் நட்டனர். இன்று அத்திட்டுகள் பறவைகளின் குடியிருப்பு. பணம் பெரிதாய் இல்லாத இடத்தில் கையும் காலும் பணி செய்தன.

அரசும் 2017-இல் 'குடிமராமத்து' என்னும் பழைய முறையைத் தூசி தட்டி எடுத்தது. ஏரிவேலையில் பத்தில் ஒரு பங்கை உழவர் உழைப்பாகவோ பொருளாகவோ தருவது அதன் அமைப்பு. அப்பெயரையே சற்று நோக்குக. 'மராமத்து' அரபுச் சொல். 'குடி' ஒன்றே தமிழ். 1858-இல் வெள்ளையர் ஆட்சி இவ்வூர்ப்பணியைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கிய நாளிலேயே குடியின் விருப்பம் அதிலிருந்து நழுவிவிட்டது. 2017-க்குப் பின்னரோ, உழவர் பெயரில் ஒப்பந்தக்காரர் மண் அள்ளினர் என்ற குறை பல இடங்களில் எழுந்தது. ஆக, மராமத்து நின்றது; குடி போயிற்று! மேட்டூர் மிகைநீரைப் பொறியால் ஏற்றிச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்ப 565 கோடி உரூபாவில் திட்டம் வகுத்த அரசு, சேர்வராயன் மலைநீர் திருமணிமுத்தாற்றில் சாயநீரும் சாக்கடையுமாய் ஓடுவதைப் பல்லாண்டுகளாய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

இங்கே கைப்பேசிக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. கூட்டாளிகள் இருவரில் ஒருவருக்கு மட்டும் வாய் இருந்தால் அது கூட்டாண்மையாகுமா? மாசி, பங்குனி வெயிலில் காட்டில் தீ எழுந்தால் முதலில் காண்பவர் மலையூரார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலைத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மலைத்தீயில் நொடிப்பொழுதின் விலை என்னவென்பதற்கு வேறு சான்று வேண்டா. தீயைக் கண்டவர் அலை கிடைக்கும் பாறைவரை ஓடிச்சென்று சொல்வதற்குள் காடு சாம்பலாகும். சாமை விற்கும் பெண் கீழுள்ள விலையை அறியாவிட்டால் இடைத்தரகர் சொல்வதே விலை. தமிழக அரசு 2018-இல் வெளியிட்ட 'உழவன்' செயலியில் வானிலையும் விதையிருப்பும் சந்தை விலையும் தமிழிலேயே கிடைக்கின்றன, நன்று. ஆனால் இணையம் எட்டாத ஊரில் அச்செயலி, பூட்டிய வீட்டுக்குள் ஏற்றிவைத்த விளக்கு.

காட்டுக்குப் பகை அலைகோபுரம் என்போரும் உளர். 2018-இல் வந்த ஒரு திரைப்படம் கைப்பேசி அலையால் பறவைகள் மாள்கின்றன என்னும் எண்ணத்தை ஊரெங்கும் பரப்பிற்று. சிட்டுக்குருவி குறைந்ததற்கு அலைகோபுரமே கரணியம் என்று அறிவியல் நிறுவவில்லை. கூடுகட்ட இடமற்ற வீடுகளும், குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சியற்ற நஞ்சு தெளித்த வயல்களுமே முதன்மையாக எண்ணத்தக்கவை. கோபுரத்தால் வரும் உண்மையான கேடு வேறு: அதை நிறுத்த வெட்டும் மரம், ஏற்ற வெட்டும் பாதை, இரவெல்லாம் இரையும் எண்ணெய்ப்பொறி. இவை எங்கே, எவ்வளவு என்பதை முடிவு செய்பவர் யார் என்பதே கேள்வி. தொலைவில் அமர்ந்து வரைபடத்தில் புள்ளி குத்துபவர் முடிவு செய்தால் சுனையின் தலையிலேயே கோபுரம் நிற்கும். ஊரார் முடிவு செய்தால் எந்தப் பாறையில் நிறுத்தினால் எத்தனை ஊருக்கு அலை எட்டும், எந்த மரத்தைத் தொடக்கூடாது என்பதை அவர்களே காட்டுவர்.

இதற்குச் சட்டமும் உண்டு. வன உரிமைச் சட்டம் என்று வழங்கும் 2006-ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டத்தின் 3(2)-ஆம் பிரிவு, காட்டில் வாழ்வோர்க்கு வேண்டும் பொதுவசதிகளைப் பட்டியலிடுகின்றது. பள்ளி, மருந்தகம், நியாயவிலைக் கடை, சாலை என்று செல்லும் அப்பட்டியலில் தொலைத்தொடர்புக் கம்பித்தடமும் உண்டு. குளமும் சிறுநீர்நிலைகளும் மழைநீர்ச் சேமிப்பும் உண்டு. செய்திக்கம்பியையும் ஏரியையும் சட்டமே ஒரே வரிசையில் வைத்துவிட்டது, பிரித்துவைத்தவை துறைகளே! ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைந்த நிலம், எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமை, எல்லாவற்றுக்கும் மேலாக ஊரவையின் பரிந்துரை ஆகியவை அதன் கட்டுப்பாடுகள். தமிழ்நாட்டில் இச்சட்டப்படி உரிமை வழங்குவதற்குத் தடையாக 2008-இல் எழுந்த உயர் அறமன்ற இடைக்கால ஆணை, 2016-இல்தான் உச்ச அறமன்றத்தால் நீங்கிற்று. எட்டாண்டு வீணாயிற்று. அதன்பின் வீணானவற்றுக்கு அறமன்றத்தைக் குறை சொல்ல இயலாது.

பணம் இல்லை என்பதும் பொய். தொலைபேசி நிறுவனங்களின் வருவாயில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அலை எட்டாத ஊர்களுக்கென ஒரு பொது வைப்பில் சேர்கின்றது. தமிழ்நாட்டில் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவர் கட்டணத்திலிருந்தும் அதற்குப் பங்கு போகின்றது. 2024-இல் அவ்வைப்புக்கு 'டிசிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாற்றினர். எல்லார் பணமும் சேரும் பெட்டிக்கு இந்திப் பெயர்ப்பலகை! எட்டாத ஊருக்குக் குரல் தரும் வைப்புக்குக்கூட அவ்வூரார்க்கு விளங்கும் பெயர் இல்லை. 2022 சூலையில் நடுவணரசு 24,680 ஊர்களுக்கு நான்காம் தலைமுறை அலைவசதி அளிக்க 26,316 கோடி உரூபா ஒதுக்கியது. ஒதுக்கீடு பெரிதே. ஆனால் கணக்கு 'ஊர்' அளவில் நின்றுவிட்டால் மலைக்கு நயன் கிடைக்காது. ஒரு 'நாடு' என்பது மடிப்பு மடிப்பான மலையில் சிதறிக்கிடக்கும் பல குடியிருப்புகள். ஒரு முகட்டில் அலை பட்டதும் முழுநாட்டையும் 'எட்டியது' என்று எழுதிவிட்டால், அடுத்த மடிப்பில் வாழ்பவர் கணக்கிலும் காணாமற்போவார். குடியிருப்பு குடியிருப்பாக அளக்க வேண்டும். அளக்கும்போது அவ்வூரார் உடனிருக்க வேண்டும்.

தமிழன்பர்க்கு இதில் தனிப்பொறுப்பு ஒன்றுண்டு. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்மச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் ஒரு குழு அமைத்து, ஊரிலுள்ள மரம், செடி, விலங்கு, விதை, அவற்றைப் பற்றி மக்கள் அறிந்தவை அனைத்தையும் மக்கள் பதிவேடாக எழுத வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் 2020 சனவரி இறுதியைக் கெடுவாக வைத்ததும் நாடெங்கும் இலக்கக் கணக்கில் ஏடுகள் விரைந்து நிரம்பின. விரைந்து நிரப்பிய ஏட்டில் ஊரார் சொல் எவ்வளவு இருக்கும்? கொல்லிமலையாரும் சேர்வராயன் மலையாரும் பேசுவது தமிழே. சாமையின் வகைக்கெல்லாம் அவர்களிடம் பெயர் உண்டு. மழையின் வகைக்கும் மண்ணின் வகைக்கும் பெயர் உண்டு. கலைச்சொல் இல்லையென்று அயற்சொல் கடன் வாங்கும் அறிஞர், ஒருமுறை மலையேறிக் கேட்டுவரலாம். அச்சொற்களை ஊர்ப்பிள்ளைகளே கைப்பேசியில் பாட்டியின் குரலோடும் செடியின் படத்தோடும் பதிந்து சேர்த்தால், ஏடு ஒரே வேளையில் காட்டின் கணக்காகவும் அகரமுதலியாகவும் அமையும். மரத்தின் மேலேறிப் படித்த பிள்ளைகளுக்கு இவ்வேலை கடினமன்று. அலை வேண்டும், அவ்வளவே.

அதுபோலவே, மலைக்கு வரும் அறிவிப்பும் தமிழில் வர வேண்டும். அழைத்தவர் காதில் இந்தியில் ஏதோ பதிவுக்குரல் ஒலிப்பதும், தொகை தீர்ந்தது என்னும் செய்தி ஆங்கிலத்தில் வருவதும் நாள்தோறும் காண்பனவே. மழை எச்சரிக்கையும் காட்டுத்தீ எச்சரிக்கையும் அவ்வாறு வந்தால் வந்ததற்கும் வராததற்கும் வேறுபாடு இல்லை.

தமிழ்நாட்டில் ஊரவை கூடுவதற்கு ஆண்டில் ஆறு நாள்கள் வகுக்கப்பட்டுள்ளன: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகசுட்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் மார்ச்சு 22 உலகத் தண்ணீர் நாள். மலையூராட்சிகளின் ஊரவைகள் அன்று நிறைவேற்றும் தீர்மானம் தமிழில், ஒரே தாளில் அமைதல் வேண்டும்: எந்தச் சுனை, எந்த ஓடை, எந்தச் சோலை தொடப்படக் கூடாது, எந்தப் பாறையில் கோபுரம் நிற்கலாம், கோபுரத்தின் இட வாடகையில் எவ்வளவு ஓடைக்காப்புக்கும் விதைவைப்பகத்துக்கும் வர வேண்டும். சமவெளியில் திருமணிமுத்தாற்று நீரும் சரபங்கா நீரும் பாயும் ஊர்களின் அவைகள் அதே நாளில் அத்தீர்மானத்தை வழிமொழிந்து, இரு மாவட்ட ஆட்சியர்க்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் சட்டமன்ற உறுப்பினர்க்கும் படியனுப்புதல் வேண்டும். வாங்கிய நீருக்கு வட்டியாக அந்த ஒரு கையொப்பமாவது சமவெளி தரலாம்.