வீட்டுத் தோட்டம்: கத்தரிச் செடியும் புள்ளி வண்டும்

சென்ற வாரம் ஒரு சகோதரியிடமிருந்து வந்த தபாலில், கடிதத்தோடு ஒரு கத்தரி இலையும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இலை என்று அதைச் சொல்வது மரியாதைக்குத்தான். பச்சை முழுவதும் சுரண்டப்பட்டு, நரம்பு மாத்திரம் மிஞ்சி, பழைய சல்லாத் துணியைப்போல் இருந்தது. "புழக்கடையில் பன்னிரண்டு கத்தரிச் செடிகள் வைத்தேன். ஏழு இந்த நிலைமைக்கு வந்துவிட்டன. கடைக்காரர் ஒரு பொடி கொடுக்கிறார். தூவினால் மறுநாளே வண்டு இராது என்கிறார். ஆனால் என் குழந்தைகள் பக்கத்துப் பாத்தியிலுள்ள தக்காளியைப் பறித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறவர்கள். என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

பொடி வேண்டாம், அம்மா. பெயர் தெரியாத பொடியைச் சமையலறைக்குப் பத்தடி தூரத்தில் தூவுவது விவேகமான காரியமன்று. பெயர் தெரிந்த மருந்துகளின் கதையே நம் கண்முன் இருக்கிறது. எண்டோசல்பான் என்ற மருந்து நமது நாட்டில் பல வருஷ காலம் கடைதோறும் தாராளமாக விற்றது. கேரளத்தில் காசரகோடு ஜில்லாவில் முந்திரித் தோட்டங்களின்மேல் ஆகாய மார்க்கமாக அதைத் தெளித்தார்கள். அந்த ஊர்களில் ஜனங்கள் பட்ட துன்பம் உலகமறிந்தது. கடைசியில் 2011-ஆம் வருஷம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டே அதை நிறுத்தி உத்தரவிட்டது. பன்னிரண்டு செடிகளுக்கு அத்தகைய ஆயுதம் எதற்கு? இரண்டு கைகளும் ஒரு பழைய கிண்ணமும் போதும்.

முதலில் எதிரி யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இலையைச் சுரண்டியது கத்தரிப் புள்ளி வண்டு. சாஸ்திரக்காரர்கள் எபிலாக்னா என்பார்கள். பிளந்த பட்டாணியைக் கவிழ்த்தாற்போன்ற உருவம், செங்கல் நிறம், முதுகில் கறுப்புப் புள்ளிகள். ஒரு ஜாதிக்கு 28 புள்ளிகள், இன்னொரு ஜாதிக்கு 12. தாய் வண்டு இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் நிற முட்டைகளைக் கூட்டமாக நிற்க வைத்தாற்போல் இட்டுச் செல்லும். மூன்று நான்கு நாட்களில் புழு வெளிவரும். புழுவும் மஞ்சள்தான்; உடம்பெல்லாம் கிளைத்த முட்கள். தாயும் தின்னும், புழுவும் தின்னும். ஆகையால்தான் ஒரு வாரத்தில் இலை வலையாகிவிடுகிறது.

இங்கே ஒரு பெரிய ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது. அதை எச்சரிக்கையாகச் சொல்வதைவிட என் சொந்தப் பாவமாகவே சொல்லிவிடுகிறேன்.

தோட்டம் போட ஆரம்பித்த புதிதில், புள்ளி வண்டு கெட்டது என்று யாரோ சொல்லக் கேட்டு, கொல்லையில் கண்ட புள்ளி வண்டையெல்லாம் வேட்டையாடினேன். கத்தரியில் இருந்ததையும் பிடித்தேன். அவரைப் பந்தலில் இருந்ததையும் பிடித்தேன். பெருமையாகத்தான் இருந்தது. பத்து நாட்கள் கழித்துப் பார்த்தால் அவரைக் கொடியின் நுனி தோறும், பூங்கொத்து தோறும் கறுப்புக் கறுப்பாக அசுவினி அப்பிக் கிடந்தது. அந்த வருஷம் வீட்டில் அவரைக்காய் என்பது பேச்சளவில்தான். நான் கொன்றவற்றில் பாதி, அந்த அசுவினியைத் தின்று என் பந்தலைக் காத்துவந்த பொறிவண்டுகள்!

இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஒன்று மட்டும் மாமிச பக்ஷிணி. கண்டுபிடிப்பது கஷ்டமன்று. பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். நம் தோட்டங்களில் அதிகமாகக் காண்பது, மஞ்சள் அல்லது ஆரஞ்சு முதுகில் நெளிநெளியான கறுப்புக் கோடு உடையது. கத்தரி வண்டின் முதுகோ பொடி ரோமம் படர்ந்து மங்கலாக இருக்கும். பொறிவண்டின் குஞ்சு கறுத்து, நீண்டு, முதலைக் குட்டிபோல் சுறுசுறுப்பாக ஓடும். கத்தரி வண்டின் புழு முள்ளும் தானுமாக ஓரிடத்தில் உட்கார்ந்து மேய்ந்துகொண்டிருக்கும். முட்டைதான் சற்று ஏமாற்றும், இரண்டும் மஞ்சளே. பக்கத்தில் அசுவினி இருந்தால் தொடாதீர்கள். அசுவினி இல்லாத கத்தரி இலையில், சுரண்டிய அடையாளங்களின் நடுவே இருந்தால் சந்தேகமில்லாமல் நசுக்கலாம். 1888-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் ஆரஞ்சுத் தோட்டங்கள் செதிற்பூச்சியால் அழிந்துகொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஜாதிப் பொறிவண்டைத் தருவித்துத்தான் அவற்றைக் காப்பாற்றினார்கள் என்றால் இந்தச் சிறு ஜீவனின் பெருமை விளங்கும்.

இனி வேலைக்கு வருவோம். விடியற்காலையில், வெயில் ஏறுமுன் கொல்லைக்குச் செல்லுங்கள். அப்போது வண்டு மந்தமாக இருக்கும். அகன்ற கிண்ணத்தில் சோப்பு கரைத்த தண்ணீரை எடுத்துக்கொண்டு, இலைக்கு அடியில் பிடித்துச் செடியை இலேசாக உலுக்கினால் போதும். கத்தரி வண்டுக்குக் கொஞ்சம் நாடகமும் தெரியும்: தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கீழே விழும். தரையில் விழுந்தால் கண்ணுக்கு அகப்படாது. கிண்ணத்தில் விழுந்தால் மீளாது. கையால் பிடித்தால் விரலில் மஞ்சளாக ஒரு நீர் கசியும், நாற்றமும் அடிக்கும், விஷமன்று, கழுவிவிடலாம். வண்டை மட்டும் பிடித்து முட்டையை விட்டுவிட்டால் பிடித்தும் பிடிக்காததும் ஒன்றுதான். முட்டை பொரிக்க மூன்று நான்கு நாட்கள் என்றேனல்லவா? ஆகையால் இரண்டு நாட்களுக்கு ஒரு முறை ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்க்கவேண்டும். பன்னிரண்டு செடிக்குக் கால் மணி நேரம் ஆகும். இந்த வேலையில் குழந்தைகளுக்கு இருக்கும் கண் பெரியவர்களுக்கு இல்லை. அவர்களிடமே ஒப்படைத்துப் பாருங்கள்.

கத்தரியோடு நின்றுவிடாமல் அருகிலுள்ள மணத்தக்காளி, சுண்டை ஆகியவற்றையும் புரட்டிப் பாருங்கள். அவையும் அந்த வண்டுக்கு ஆகாரமே. மணத்தக்காளியைப் பிடுங்கிவிடச் சொல்லமாட்டேன். வற்றல் குழம்பு எனக்கும் பிடிக்கும்.

தேடும்போது சில புழுக்கள் அசைவற்று, காபிக்கொட்டை நிறமாகி, இலையோடு ஒட்டிக் காய்ந்து கிடப்பதைக் காண்பீர்கள். அவற்றை எடுத்தெறிய வேண்டாம். பீடியோபியஸ் என்ற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு குளவி, புழுவுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே முடித்துவிட்ட அடையாளம் அது. சில நாட்களில் ஒரே கூட்டிலிருந்து பல குளவிகள் புறப்பட்டு அடுத்த புழுக்களைத் தேடிப் போகும். இந்தக் குளவியை 1966-ஆம் வருஷத்தில் இந்தியாவிலிருந்து அமெரிக்கர்கள் கொண்டுபோனார்கள். அங்கே பீன்ஸ் செடியைத் தின்னும் மெக்ஸிகோ வண்டை அடக்குவதற்காக! அந்நாட்டுக் குளிரைத் தாங்காமல் அது மடிந்துவிடுவதால், வருஷந்தோறும் வளர்த்து வயலில் விட வேண்டியிருந்தது. நமக்கோ அந்தச் செலவில்லை, கொல்லையிலேயே இருக்கிறது. கடைக்காரரின் பொடி முதலில் கொல்வது இதைத்தான்.

கையால் பொறுக்கியும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டை. 1962-ஆம் வருஷத்தில் டில்லியில் வெட்டுக்கிளி வந்து இறங்கியபோது, இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரதான் என்ற விஞ்ஞானி வேப்பம் பருப்பை அரைத்துத் தண்ணீரில் கலந்து பயிருக்குத் தெளித்தார். வெட்டுக்கிளிகள் அந்தப் பயிரில் உட்கார்ந்தன, தின்னவில்லை. நம் பாட்டிமார் அறிந்த விஷயந்தான், ஆயினும் சோதனை செய்து எழுதி வைத்தால்தான் உலகம் நம்புகிறது. நிழலில் உலர்த்திய, பூசணம் பிடிக்காத கொட்டையின் ஓட்டை நீக்கிப் பருப்பை இடித்துக்கொள்ளுங்கள். 50 கிராம் பொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பொடியைத் துணியில் முடிந்து இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்காகச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கவும். உச்சி வெயிலில் அடித்தால் மருந்தின் சத்தைச் சூரியன் தின்றுவிடுவான். அடிப்புறம் நனைய வேண்டியது முக்கியம். ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒரு முறை திரும்பச் செய்யவேண்டும். அன்று செய்ததை அன்றே தீர்த்துவிடவும். மறுநாள் வண்டு செத்து விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது வாயைக் கட்டும், புழுவின் வளர்ச்சியைக் கெடுக்கும். இலையைத் தின்னாத பொறிவண்டுக்கு இதனால் வரும் கெடுதல் குறைவு.

சிலர் புகையிலைக் கஷாயம் நல்லது என்பார்கள். இலையிலிருந்து வந்ததெல்லாம் சாதுவாக இருக்கும் என்பது வீண் நம்பிக்கை. புகையிலையிலுள்ள நிகோடின் மனிதருக்கும் கடுமையான விஷம். தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். நல்ல பூச்சியையும் கெட்ட பூச்சியையும் பேதம் பாராமல் கொல்லும். குழந்தைகள் பறித்துத் தின்னும் தோட்டத்தில் அதற்கு இடமில்லை.

பூசணி, பரங்கி, வெள்ளரி போட்டிருப்பவர்கள் வேறொரு வண்டைக் காண்பார்கள். ஒடுங்கிய உடல், பளிச்சென்ற செம்மஞ்சள் நிறம், புள்ளி கிடையாது. முளைத்த நாற்றின் இரண்டு இலைகளையும் சல்லடையாக்கிவிடும். இதன் முட்டை இலையில் இராது. செடியின் அடியில் ஈரமண்ணில் இருக்கும். புழு வேரைக் குடையும், மண்ணில் கிடக்கும் காயையும் துளைக்கும். ஆகவே நான்கைந்து இலை விடும்வரையில் நாற்றைப் பழைய கொசுவலைத் துணியால் மூடிக் காப்பாற்றுங்கள். அதற்கு மேல் கொடி தானே சமாளித்துக்கொள்ளும். காய்ப்பு முடிந்தவுடன் கொடியை அகற்றிவிட்டு மண்ணைக் கிளறிவிட்டால், உள்ளே கிடக்கும் கூட்டுப்புழுவை மைனாவும் கோழியும் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக, சகோதரியின் ஏழு செடிகள். வேரோடு பிடுங்கிவிட உத்தேசித்திருப்பதாக எழுதியிருக்கிறார். அவசரப்பட வேண்டாம். குருத்து பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சல்லடையான இலைகளை அடிப்புறத்து முட்டை, புழுவுடன் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஆனால் காபிக்கொட்டை நிறப் புழு ஒட்டிய இலையை மட்டும் செடியடியில் விட்டுவிட்டு, வேரைச் சுற்றி மக்கின எருவும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் இட்டுத் தண்ணீர் விடுங்கள். கத்தரி எளிதில் சாகிற ஜாதி அன்று. புதுத் தளிர் விடும். அந்தத் தளிரைத்தான் வண்டு முதலில் தேடி வரும் என்பதை மறக்காமல் கிண்ணத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தபாலில் இலை அனுப்ப வேண்டாம். எத்தனை காய் பறித்தீர்கள் என்று எழுதினால் போதும்.